பதினெட்டு முடிந்தால் மகளுக்கு ஜீவனாம்சம் நின்றுவிடுமா?

கேள்வி: நான் சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் வேலை. அம்மா கொடுத்த 60 சென்ட் நிலத்தில் கடலை போட்டிருக்கிறேன். கணவர் பிரிந்துபோய் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. 2016-ல் கோர்ட் எனக்கு மாதம் 2,000, மகளுக்கு 2,500 என்று ஜீவனாம்சம் போட்டது. அணைக்கட்டுப் பக்கம் அவருக்குக் கிணற்றோடு இரண்டு ஏக்கர், தென்னை, மூன்று மாடு இருக்கிறது. மகள் இப்போது கல்லூரியில் முதலாமாண்டு. வரும் மாசியில் அவளுக்கு 18 முடிகிறது. "மாசியோடு ஒரு பைசா கிடையாது, சட்டமே அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் 50,000 வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடு என்கிறார்கள். படிப்பு பாதியில் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கடலைக்கு ஜிப்சம் எப்போது போட வேண்டும், அதையும் சொல்லுங்கள். இன்றைக்கு 25-வது நாள்.

பதில்: சகோதரி, ஜிப்சம் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. மகள் விஷயத்துக்குத்தான் நாள் குறைவு.

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் புழுவும் பூச்சியும்தான் அதிகம். ஆனால் குடும்பக் கடிதங்களும் வருகின்றன. இந்தக் கேள்வி ஒரே வருடத்தில் எனக்கு மூன்றாவது முறை வந்திருக்கிறது. நான் வக்கீல் இல்லை. அதனால் சத்துவாச்சாரி கோர்ட்டில் தொழில் செய்யும் என் பள்ளித் தோழர் ஒருவரோடு உட்கார்ந்து, தீர்ப்புகளைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் அடையாளம் தெரியாதபடி கடிதத்தில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி, பாதி தவறு. அந்தப் பாதி சரியை நம்பித்தான் பல தாய்மார்கள் முழுதும் விட்டுவிடுகிறார்கள்.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். 2016-ல் உங்களுக்கு வந்த உத்தரவு பெரும்பாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவில் வந்ததாக இருக்கும். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இதே விஷயம் 144-வது பிரிவு. எண் மாறியதே தவிர விதி பெரிதாக மாறவில்லை, பழைய உத்தரவும் செல்லும். அந்தப் பிரிவில் பிள்ளை மைனராக இருக்கும்வரைதான் ஜீவனாம்சம். 18 முடிந்த பிறகும் கேட்க வேண்டுமென்றால், உடலாலோ மனதாலோ உள்ள குறையாலோ காயத்தாலோ தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளையாக இருக்க வேண்டும். அந்த வழியிலும் கல்யாணமான மகள் கேட்க முடியாது. கல்லூரியில் படிக்கிறாள் என்பது அந்தப் பிரிவில் ஒரு காரணமாக எழுதப்படவில்லை.

இனி தவறான பாதி. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் என்று 1956-ல் வந்த தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 20-வது பிரிவில் மூன்றாவது உட்பிரிவு, கல்யாணம் ஆகாத மகள் தன் சொந்த வருமானத்தாலோ சொத்தாலோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதவரை அவளைக் காப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அங்கே 18 என்ற கோடு கிடையாது. ஜீவனாம்சம் என்றால் சோறு, துணி, குடியிருக்க இடம், படிப்பு, மருத்துவம் என்று அந்தச் சட்டமே விளக்கம் தருகிறது. கல்யாணமாகாத மகளுக்குக் கல்யாணச் செலவையும் சேர்த்துச் சொல்கிறது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடமை தந்தைக்கு மட்டுமல்ல, தாய்க்கும் உண்டு. உங்கள் கம்பெனிச் சம்பளத்தையும் கோர்ட் கணக்கில் பார்க்கும்.

இரண்டு சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் போனதால் ஒரு பெண் எவ்வளவு இழந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அரியானா மாநிலம் ரேவாரியில் 2002 அக்டோபரில் ஒரு தாய் தனக்காகவும், இரண்டு மகன்களுக்காகவும், ஒரு மகளுக்காகவும் 125-வது பிரிவில் மனுப் போட்டார். 2011-ல் கீழ்க் கோர்ட் மகளுக்கு மட்டும் அனுமதித்தது. மேல் விசாரணையில் அதுவும் 2005 ஏப்ரல் 26 வரைதான் என்றார்கள். அன்றைக்குத்தான் அவருக்கு 18 முடிந்தது. கல்யாணம் ஆகவில்லை, வேலை இல்லை என்று மகள் உயர் நீதிமன்றம் போனார், உச்ச நீதிமன்றம் வரை போனார். 2020 செப்டம்பர் 15 அன்று மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். சட்ட உலகில் அதை அபிலாஷா எதிர் பிரகாஷ் என்பார்கள். கல்யாணமாகாத இந்து மகளுக்கு 18-க்கு மேலும் தந்தையிடம் கேட்கும் உரிமை உண்டு, ஆனால் அதை 1956 சட்டத்தின் 20-வது பிரிவில் கேட்க வேண்டும், 125-ல் அல்ல என்றார்கள். அவருடைய அப்பீல் தள்ளுபடியானது. வேண்டுமானால் அந்தச் சட்டத்தில் புதிதாக மனுப் போட்டுக்கொள்ளலாம் என்று வழி மட்டும் விட்டார்கள். 2002-லிருந்து 2020 வரை எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளை பிறந்து மேஜராகும் காலம்.

அதே தீர்ப்பில் நமக்கு உதவும் ஒரு குறிப்பும் இருக்கிறது. 1956 சட்டத்தின் கீழும் ஜீவனாம்சம் வழங்கும் அதிகாரம் குடும்ப நல நீதிமன்றத்துக்கு உண்டு என்பதால், தகுந்த வழக்கில் அந்த நீதிமன்றம் இரண்டு சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கலாம், ஒரே விஷயத்துக்காகப் பலமுறை அலைய விட வேண்டாம் என்கிறது. ஆனால் மனுவிலேயே 20-வது பிரிவைக் குறிப்பிட்டுக் கேட்பதுதான் பத்திரம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. மாசியில் 18 முடிந்ததும் மகள் தன் பெயரிலேயே மனுப் போட வேண்டும். அவள் மேஜர் ஆகிவிட்டால் அவளுக்காக நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. தள்ளிப் போடாதீர்கள். 2020 நவம்பர் 4 அன்று வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பில், ஜீவனாம்சத்தை மனுப் போட்ட தேதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. பங்குனியில் போடுவதை ஆவணியில் போட்டால் அந்த ஐந்து மாதப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, உங்களுக்கு நடந்து போகும் தூரம். தொலைபேசியில் கேட்க வேண்டுமானால் 15100. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்குத் திருப்பத்தூர் மாவட்டத்தில் கேட்டால் போதும், வேலூர் வரை வர வேண்டியதில்லை.

பிறந்த தேதியையும் ஒருமுறை பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று ஒரு வருடம் கூட்டி எழுதுவது நம் ஊர்களில் வழக்கம். மே மாதம், ஜூன் மாதம் என்று அரை வகுப்புக்கும் ஒரே பிறந்த மாதமாக இருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் ஒரு தேதி என்று இருந்தால், எதிர்த் தரப்பு தனக்குச் சாதகமானதைத்தான் எடுத்து நீட்டும். இரண்டையும் இப்போதே எடுத்து ஒத்துப்பார்த்து, வித்தியாசம் இருந்தால் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி எனக்குத் தெரிந்த வேலைக்கு வருகிறேன். "பயிரே இல்லை, வருமானமே இல்லை" என்பதுதான் இந்த வழக்குகளில் விவசாயத் தந்தைகள் சொல்லும் முதல் பதில். நான் ஒரு வட்டாரத்தில் வேலை பார்த்தபோது ஒருவர் அலுவலகத்துக்கே வந்து, தன் நிலத்தில் சாகுபடியே இல்லை என்று சான்று கேட்டார். எதற்கு என்றேன். பேங்குக்கு என்றார். முந்தின வாரம்தான் அவர் தோட்டத்தில் கத்தரிக்கு மருந்து சொல்லிவிட்டு வந்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது மகளின் ஜீவனாம்ச வழக்குக்காக. அடங்கல் எழுதுவது கிராம நிர்வாக அலுவலர் வேலை, என்னிடம் அந்தச் சான்று கிடையாது என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்கு அந்தப் பெண் பிள்ளையை நினைத்து மனது கஷ்டப்பட்டது உண்மை.

மேலே சொன்ன ரஜ்னேஷ் தீர்ப்பில், இரண்டு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று படிவங்கள் இணைத்திருக்கிறார்கள். அதில் விவசாயிகளுக்கென்று தனியாக ஒரு படிவம் இருக்கிறது. படித்தபோது எங்கள் துறைக்காரர் யாரோ எழுதியது போலத் தோன்றியது. நிலம் எத்தனை ஏக்கர், நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், கடந்த மூன்று வருட வருமானம், குத்தகைக்கு எடுத்திருக்கிறாரா, மாடு, ஆடு, கோழி எத்தனை, தேனீ, மீன் வளர்ப்பு உண்டா, நிலத்தின் மேல் கடன் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்கிறது.

அவர் அதில் குறைத்து எழுதினால் மறுத்துக் காட்ட உங்களிடம் காகிதம் வேண்டும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் இணையத்திலேயே கிடைக்கும், சர்வே எண் தெரிந்தால் போதும். அடங்கலில் எந்தப் பட்டத்தில் என்ன பயிர் என்று இருக்கும். பயிர்க் கடன் வாங்கியிருந்தால், அந்த விண்ணப்பத்தில் பயிரின் பெயரையும் பரப்பையும் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். கடன் வாங்கும்போது இரண்டு ஏக்கரும் கடலை என்று எழுதியவர் கோர்ட்டில் தரிசு என்று சொல்ல முடியாது. பயிர்க் காப்பீடு கட்டியிருந்தால் அதுவும் அப்படித்தான். நெல் என்றால் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் பேங்க் கணக்கில் ஏறியிருக்கும். கடலையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் போட்டிருந்தால் அங்கே பதிவு இருக்கும். பி.எம். கிசான் வருடம் 6,000 வருகிறதா என்பதும் அதே பாஸ்புக்கில் தெரியும். இவற்றை நீங்கள் நேரில் போய்க் கேட்டால் தர மாட்டார்கள். கோர்ட் மூலம் வரவழைக்கும்படி வக்கீல் மனுப் போட வேண்டும். எந்தக் கூட்டுறவு சங்கம், எந்தக் கிளை என்று நீங்கள் சரியாகச் சொன்னால்தான் அவரால் போட முடியும்.

பால் கணக்கை விட்டுவிடாதீர்கள். மூன்று மாட்டில் இரண்டு கறவையில் இருந்து, நாளைக்கு 14 லிட்டர் சங்கத்தில் ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 35 ரூபாய் என்றால் நாளைக்கு 490, மாதத்துக்கு 14,700. தீவனம், மருந்து, சினை ஊசி என்று 60 சதவீதம் போனாலும் 5,880 கையில் நிற்கும். தென்னையும் கடலையும் அதற்கு மேல். இதைச் சொல்வதால் அவரை நொறுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கிணறு வற்றிய வருடமும் உண்டு, மாடு செத்த வருடமும் உண்டு, அதையும் கோர்ட் பார்க்கும். உள்ளதை உள்ளபடி எழுதினால் இரண்டு தரப்புக்கும் நல்லது.

உங்களுடைய 2,000 ரூபாய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மகளுக்கு 18 ஆவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உத்தரவில் இருவருக்கும் தனித்தனியாகத் தொகை போட்டிருப்பது நல்லது, உங்கள் பங்கு தொடரும். 2016-ல் போட்ட தொகையைச் சூழ்நிலை மாறியிருக்கிறது என்று காட்டி உயர்த்தக் கேட்க 146-வது பிரிவு இருக்கிறது. பழைய சட்டத்தில் அது 127.

பாக்கி இருந்தால் அதையும் விடாதீர்கள். மாசிக்கு முன்னால் மகளுக்குச் சேர வேண்டிய பணம், 18 ஆகிவிட்டது என்பதால் செத்துப் போகாது. ஆனால் வாரண்ட் மூலம் வசூலிக்க, தொகை சேர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். நம் தமிழ்நாட்டிலிருந்து போன பூங்கொடி எதிர் தங்கவேல் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம், ஒரு வருடம் தாண்டினால் அந்த வாரண்ட் வழி மட்டும்தான் அடைபடும், உரிமையே போய்விடாது, சிவில் வழியில் வசூலிக்கலாம் என்றது. ஆனாலும் சிவில் வழி நீளமானது. வருடா வருடம் மனுப் போட்டுவிடுவதே சுலபம். ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தால் பாக்கி கழிந்துவிடும் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். கழியாது. 1989-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பெரியவர்கள் சொல்லும் 50,000 விஷயம். மகளின் ஜீவனாம்ச உரிமையைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது. இருந்தாலும் அப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு அதை எடுத்துக் காட்டி வருடக்கணக்கில் இழுப்பார்கள். இப்போது வரும் 2,500 வருடத்துக்கு 30,000. 50,000 என்பது இருபது மாதப் பணம், டிகிரி முடிக்க மூன்று வருடம். சமாதானமாகப் போக அவருக்கு உண்மையிலேயே மனம் இருந்தால், லோக் அதாலத்தில் வைத்துப் பேசுங்கள். அங்கே எழுதும் ஒப்பந்தம் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். "டிகிரி முடியும்வரை மாதம் இவ்வளவு, வருடக் கட்டணத்தில் பாதி, மகளின் பேங்க் கணக்கில்" என்று எழுதி வாங்கலாம். பெரியவர்களையும் கூட அழைத்துப் போங்கள், அவர்களுக்கும் மரியாதையாக இருக்கும்.

இந்தப் பகுதியை எல்லா மதத்தாரும் படிக்கிறார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு 1997-ம் வருட நூர் சபா காத்தூன் தீர்ப்பு இருக்கிறது. விவாகரத்தான தாயோடு இருக்கும் பிள்ளைகளுக்கும் 125-வது பிரிவு பொருந்தும், மகன் மேஜர் ஆகும்வரை அல்லது சம்பாதிக்கும்வரை, மகள் கல்யாணம் ஆகும்வரை என்று உச்ச நீதிமன்றம் அதில் சொல்லியிருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு 1956 சட்டம் போல மேஜரான மகளுக்கென்று தனிப் பிரிவு கிடையாது, வக்கீலைக் கலந்துதான் போக வேண்டும்.

மகன்களின் நிலைதான் கஷ்டம். பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கும் 18 வயதுப் பையனுக்கு உடல்குறை எதுவும் இல்லையென்றால், எழுத்தில் உள்ள சட்டம் கைகொடுக்காது. 2021-ல் கர்நாடக அரசு ஊழியர் ஒருவர் வழக்கில், 18 வயதோடு நிறுத்தினால் போதாது, மகன் முதல் டிகிரி முடிக்கும்வரை கொடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் டெல்லி உயர் நீதிமன்றம், மகனுக்கு 18 ஆகிவிட்டது என்பதாலேயே தந்தை படிப்புச் செலவிலிருந்து கழன்றுகொள்ள முடியாது, முழுச் சுமையும் தாய் மேல் விழக்கூடாது என்றது. இவை வாதாட உதவும், உத்தரவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து இலங்கையில் 1999-ம் வருட ஜீவனாம்சச் சட்டம் 18 முதல் 25 வயது வரை உள்ள பிள்ளை ஆணானாலும் பெண்ணானாலும் கேட்கலாம் என்கிறது. நம் சட்டத்திலும் அப்படி ஒரு வரி இருந்தால் எத்தனையோ பையன்கள் பன்னிரண்டாம் வகுப்போடு தோல் ஷாப்புக்குப் போக மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பணம் கொடுக்கும் தந்தைகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்களாகவே மாதம் பார்த்து நிறுத்தாதீர்கள். உத்தரவு நகலை எடுத்து, எதுவரை என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மொத்தமாக ஒரே தொகை போட்டிருந்தால் கோர்ட்டில் மாற்றக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். கையில் கொடுக்காமல் பேங்கில் போடுங்கள். கையில் கொடுத்த பணத்துக்கு நம் ஊரில் சாட்சி கிடையாது.

சகோதரி, வழக்கு முடிய நாளாகும். அதுவரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு மனுவோடு சேர்த்தே போடச் சொல்லுங்கள். மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும், கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியா என்பதையும் விசாரியுங்கள். அந்த 1,000 வருகிறது என்பதற்காக மனுப் போடாமல் இருந்துவிடாதீர்கள், அது பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் சரியாகப் போகும்.

கடலைக்கு ஜிப்சம்: 40-லிருந்து 45-ம் நாளுக்குள், இரண்டாம் களை எடுத்து மண் அணைக்கும்போது செடி ஓரமாகப் போட்டு மண்ணோடு சேருங்கள். ஏக்கருக்கு 160 கிலோ கணக்கு. உங்கள் 60 சென்டுக்கு 50 கிலோ மூட்டை இரண்டு வாங்கினால் போதும். நிலத்தில் ஈரம் இருக்க வேண்டும். விழுது இறங்க ஆரம்பித்த பிறகு களைக்கொட்டு போட்டு மண்ணைக் கிளறாதீர்கள். இன்றைக்கு 25 நாள் என்றால் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மூட்டையை இப்போதே சொல்லி வையுங்கள், மார்கழிப் பட்டம் ஆரம்பித்துவிட்டால் டிப்போவில் கிடைக்காது.